நாற்பத்தோராவது எண்

அத்தியாயம் 6

இருபதாவது முறையும் மணி ஒழுங்காகத்தான் அடித்தது.

"சிவகாமி டீ ஃபேக்டரிங்க, சொல்லுங்க" என்றாள் எதிர் மேஜையில் இருந்த இந்துமதி.

பவுல்ராஜ் தன் செல்போனை அணைத்தார். "இருபது தடவை கூப்பிட்டாச்சு, இருபது தடவையும் எடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி மூணாவது தடவையே எடுக்கறதை நிறுத்திருவா. மேடம், நீங்க வெச்ச போன் சர்வருக்கு ஒண்ணும் இல்லை."

மஜீதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்னூர் மேல் பஜாரில் அவள் அலுவலகப் பலகையில் இரண்டு வரிகள் உண்டு. மேல் வரி, இன்டர்நெட் டெலிபோன் அமைத்துத் தரப்படும். கீழ் வரி, ரகசிய விசாரணை. மேல் வரியை நம்பி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேர் கீழ் வரியில் போய் முடிவார்கள். பவுல்ராஜ் அவளுடைய உதவியாளர். முப்பது வருடம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தின் மேல் வாய் நிறைய ஸ்க்ரூ வைத்திருப்பார், பேச முடியாது. பேசாமல் விட்ட அந்தக் கடனை எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு வட்டியோடு தீர்த்துக்கொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். அரவேணுவைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டக்காரர்கள் காலை ஆறு மணியிலிருந்து ஃபேக்டரிக்கு போன் செய்து, இன்று இலை பறிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இந்துமதி அவர்கள் பெயரைச் சீட்டில் எழுதுவாள். சீட்டில் பெயர் உள்ள வீட்டு வாசலில் மட்டும் லாரி நிற்கும். மூன்று வாரமாக நாற்பது வீடுகளுக்கு முன்னால் லாரி நிற்காமல் போகிறது. பறித்த இலை சாக்கிலேயே சூடேறிச் சிவந்து, குப்பையில் கொட்டப்படுகிறது. கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "போன் பண்ணினோம். இந்துமதியே எடுத்து இலை வேண்டாம்னு சொல்லிட்டா."

இந்துமதி வேறு ஏதோ ஃபேக்டரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நாலு மணிக்கு நாற்பது வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். அதற்குள் அவள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் போலீஸ்.

கதவு திறந்தது. முதலாளி வெள்ளியங்கிரி தானே டீத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்குகிறவர். யாரிடமும் குரல் உயர்த்தியதாகக் கேள்வி இல்லை.

"மெஷின்ல கோளாறு இருக்குதுங்களா அம்மிணி?"

"இதுவரைக்கும் இல்லைங்க."

"அப்ப அதையே நாலு வரி எழுதிக் குடுத்துருங்க. வர்றவங்ககிட்டக் காட்டோணும்." அவர் இந்துமதி பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினார். "பதினாலு வருசமா எம் பொண்ணு மாதிரி இருந்த புள்ளைங்க. மனசு கேக்குதுங்களா? ஆனா என்ன பண்றது, சொல்லுங்க."

ஒரு டம்ளரை இந்துமதியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை.

மஜீதாவுக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஒரு பெண்ணை நம்பி டெலிபோன் வேலை கொடுக்க மலையில் யாரும் தயாராக இல்லாத காலத்தில் முதல் ஆர்டர் கொடுத்தவர் அவர். போன வருடம் இந்த சர்வரைப் பொருத்தியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சின்னத் தோட்டக்காரங்களைக் காக்க வெக்காதீங்க அம்மிணி. பெரிய எஸ்டேட்டுக்காரன் காத்துக் கெடப்பான். இவங்க போன் மொதல்ல வரட்டும்." அதை அவள் ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் சொல்லியிருக்கிறாள். இப்படியும் ஒரு முதலாளி என்று.

"நாற்பது பேரும் பொய் சொல்றாங்களா இந்து?"

"தெரியலைங்கக்கா." இந்துமதி ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். "எங்க மாமியாரே சொல்றாங்க. கன்னேரிமுக்குல முக்கா ஏக்கர் வெச்சிருக்காங்க. அவங்களுக்கும் லாரி நிக்கலை. நீ எடுத்து லீவுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்னு ஒரே சண்டை. மாமியார் சொல்றதுதானேன்னு விட்டுட்டனுங்க. அப்புறம் பாத்தா ஊரே சொல்லுது."

மஜீதா எழுந்தாள். "பவுல் அண்ணே, வண்டியை எடுங்க. மாமியாரைப் பாக்கணும்."

"யாரோட மாமியாரையும் நான் தைரியமாப் பாப்பேன் மேடம். என்னுதைத் தவிர."

வெளியே வந்ததும் பவுல்ராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஃபேக்டரிச் சங்கின் வாய்க்குள் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது.

"அது பொங்கலுக்கே மோட்டார் எரிஞ்சு போச்சுங்க" என்றார் கேட் வாட்ச்மேன். "அல்லார்த்துகிட்டயும் செல்லு இருக்குது. சங்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க."

"குருவிக்காவது வேலை செய்யுதே" என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார் பவுல்ராஜ்.

இந்துமதியின் மாமியார் வேலாமணியின் வீடு ஒரு பள்ள மடிப்பில் இருந்தது. செல்போனுக்கு அங்கே வேலையில்லை. கூடத்தில் பழைய தரைவழி போன் ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. வாசலில் சிவந்த இலை ஒரு குவியல். மழையில் அது புளித்து நாறியது.

"வந்துட்டீங்களா, அவளுக்குப் பரிஞ்சு பேச?" என்றாள் வேலாமணி. கையில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி இருந்ததால் பவுல்ராஜ் ஒரு படி கீழேயே நின்றுகொண்டார்.

"அவ என்ன சொன்னான்னு கேக்கத்தாங்க வந்தோம்" என்றாள் மஜீதா. "ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க."

"அதென்ன, புராணமா? வணக்கமுங்க, இன்னிக்கு ஃபேக்டரி லீவுங்க, இலை எடுக்கறதில்லைங்க, மன்னிச்சுக்கோங்க. அவ்வளவுதான். அத்தைன்னு ஒரு வார்த்தை இல்லை. நான் பேசப் பேச வெச்சுட்டா. மொத நாளும் அப்படியே. மக்யா நாளும் அப்படியே."

"அப்படியேன்னா?"

"அப்படியேன்னா அப்படியேதான். ஒரு சொல்லு கூடாது, குறையாது. பொறவு பின்னாடி சங்கு ஊதும்."

பவுல்ராஜ் பையிலிருந்து எடுத்துக் கடித்துக்கொண்டிருந்த வர்க்கி ரொட்டியை வாயிலிருந்து எடுத்தார். "என்னது ஊதும்?"

"ஃபேக்டரிச் சங்குங்க. அவ மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றப்ப ஊதும். அதுனாலதான் சொல்றேன், ஃபேக்டரியில உக்காந்துட்டுத்தான் பேசறா. எங்கிட்ட இல்லைன்னு சத்தியம் பண்றா."

மஜீதாவும் பவுல்ராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடம், பொங்கல்ல செத்த சங்கு போன வாரம் ஊதியிருக்கு. ஒண்ணு இது ஆவி. இல்லைன்னா..."

"இல்லைன்னா பதிவு பண்ணின குரல்" என்றாள் மஜீதா. "அண்ணே, அந்தப் பாறை மேல ஏறுங்க. அங்க சிக்னல் இருந்தா இந்துமதியோட சொந்த செல்லுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க."

பவுல்ராஜ் ஏறினார். ஒற்றைக் காலில் நின்று, போனைத் தலைக்கு மேல் பிடித்தால் ஒரு கோடு கிடைத்தது. முப்பது வருட அனுபவம் வீண் போகவில்லை.

"இந்து, இருக்கியாம்மா?"

"இருக்கனுங்க."

"அப்படியே இரு. உங்க மாமியார் இப்ப ஃபேக்டரிக்குப் போன் பண்றாங்க."

வேலாமணி வீட்டு போனில் எண்களை அழுத்தினாள். மஜீதா ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். மணி இரண்டு முறை அடித்தது. பிறகு இந்துமதியின் குரல், தேன் தடவினாற்போல. வணக்கமுங்க. இன்னிக்கு ஃபேக்டரி லீவுங்க.

அதே நேரத்தில் பாறையின் மேலிருந்து இன்னொரு இந்துமதி கத்தினாள். "இங்க மணியே அடிக்கலைங்களே! அத்தை, நான் எடுக்கவே இல்லைங்க!"

ரிசீவரில் சங்கு ஊதியது. தொடர்பு அறுந்தது.

வேலாமணி ரிசீவரை வைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரமா அவகிட்ட ஒரு வாய் சோறு வாங்கித் திங்கலையே நானு" என்றாள். பிறகு, "ஏனுங்க, அப்ப ஃபேக்டரியில வெச்ச அந்தப் போன் பொட்டி என்னதான் பண்ணுது?" என்றாள்.

"கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் நின்னு, மேட்டுப்பாளையம் இந்தப் பக்கம், ஊட்டி அந்தப் பக்கம்னு ஆளுங்களை ஏத்தி விடறானில்லைங்க, அந்த வேலைதான்" என்றார் இறங்கி வந்த பவுல்ராஜ். "கூப்பிடற நம்பரைப் பாத்து எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணும். என் நம்பரைப் பாத்தா இந்துகிட்ட அனுப்புது. உங்க நம்பரைப் பாத்தா பஸ்ஸே இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்புது. யாரோ அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"அதுக்குத்தான் மேடம் மூஞ்சியை இப்படி வெச்சிருக்காங்க."

திரும்பும் வழியில்தான் மஜீதாவுக்கு நினைவு வந்தது. அந்த அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கானது. சர்வர் வந்த புதிதில் இந்துமதி தானே பதிவு செய்து வைத்தது. ஞாயிறு லீவு என்பது மலைக்கே தெரியும். அன்றைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் அது ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஒருவரைத் தவிர.

மூன்றே காலுக்கு சர்வர் முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். வழி காட்டும் விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆறாவது விதியில் விரல் நின்றது.

"என்ன மேடம்?"

"இது நான் எழுதினது."

கூப்பிடுகிறவரின் எண் இந்தப் பட்டியலில் இருந்தால் வரிசையில் நிறுத்தாதே, நேரே இந்துமதிக்கு அனுப்பு. வெள்ளியங்கிரி கேட்டுக்கொண்டபடி அவள் எழுதிய விதி அது. எண்களை இந்துமதி வாசிக்க வாசிக்க இவள் ஏற்றினாள். ஒரு மதியம் முழுக்க ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் அப்படியே இருந்தது. கடைசி வரியை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள். இந்துமதிக்குப் பதில் லீவு அறிவிப்புக்கு. முதலில் வர வேண்டியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அவள் மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள்.

"மாத்தினது யாருன்னு எழுதியிருக்குமே?" என்றார் பவுல்ராஜ்.

"எழுதியிருக்கு. மூணு வாரத்துக்கு முன்னால, செவ்வாய்க்கிழமை, பதினொண்ணே கால். இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்லயிருந்து. பேரு இந்துமதி."

இந்துமதி எட்டித் திரையைப் பார்த்தாள். "சத்தியமா நான் இல்லைங்கக்கா."

"உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

அவள் மேஜைக் கண்ணாடியைக் காட்டினாள். அடியில் பிள்ளையார் படம். பக்கத்தில் துண்டுச் சீட்டு.

"பிரமாதம்" என்றார் பவுல்ராஜ். "ரெண்டையும் வர்றவங்க போறவங்க எல்லாரும் கும்பிட்டுக்கலாம்."

மஜீதா அந்த எண்களைக் குறித்து வைத்த போன வருடத்து நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பட்டியலை எண்ணினாள். நாற்பது. நோட்டில் எண்ணினாள். நாற்பத்தொன்று. பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். வேலாமணியின் எண் திரையில் இருந்தது. நோட்டில் முப்பத்து மூன்றாவதாக இருந்த எண் மட்டும் இல்லை.

"ஒருத்தரை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. அண்ணே, இந்த நம்பருக்குப் போடுங்க."

மறுமுனையில் ஒரு கணீர்க் குரல் எடுத்தது. "யாருங்க? ஃபேக்டரிங்களா? லாரி காலைலயே வந்துட்டுப் போயிருச்சே. எனக்கு ஒரு நாளும் தவறினதில்லைங்க. தவறுமா? சம்பந்தி ஊட்டு ஃபேக்டரியாச்சே! என்ற பொண்ணை அந்த ஊட்லதானுங்க குடுத்திருக்குது. சாந்தாமணின்னு சொல்லிப் பாருங்க, மொதலாளிக்குத் தெரியும்."

பவுல்ராஜ் போனை மெதுவாக வைத்தார். இந்துமதி எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க தப்பா நெனச்சுட்டீங்க" என்றாள். "மொதலாளி அப்படிப்பட்டவரு இல்லைங்க."

மஜீதாவுக்கு அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளியங்கிரி தன் அறை ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே முற்றத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக, மழையில் நனைந்துகொண்டு.

"லெட்டர் எழுதிட்டீங்களா அம்மிணி?"

"மெஷின்ல கோளாறு இல்லைங்க. சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. சொன்னது நீங்க."

அவர் திரும்பினார். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. "கம்ப்யூட்டர்ல யாரு பேரு இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். நாற்பத்தோரு பேர்ல ஒருத்தரை மட்டும் எடுத்துட்டு மாத்தியிருக்கு. இந்துமதி மாத்தியிருந்தா அவ மாமியாரை எடுத்திருப்பா. எடுத்திருக்கிறது உங்க சம்பந்தியை."

"எனக்குப் பயந்துட்டு அவ விட்டிருக்கலாமே."

"நாப்பது வீட்டு இலையைத் திருட்டுத்தனமா நிறுத்தறவ, எதுக்கு முதலாளி, உங்களுக்குப் பயப்படறா?" என்றார் பவுல்ராஜ். "மாமியாரை வெட்டி விடற மருமகளைக் கூட நான் நம்புவேன். ஆனா சம்பந்தியம்மா வீட்டு வாசல்ல லாரி நிக்கலைன்னா தூக்கம் கெட்டுப் போற ஆளு இந்த மலையிலயே ஒருத்தர்தான்."

வெள்ளியங்கிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இலை வாங்கறதை நிறுத்தோணுங்க அம்மிணி" என்றார் கடைசியில். "வாங்கறவன் எஸ்டேட் இலையில செஞ்ச தூளைத்தான் கேக்கறான். இவங்க இலை ஒருநாள் நல்லாருக்கும், ஒருநாள் முத்தலா இருக்கும். நாப்பது ஊட்டுக்கு லாரி ஒம்பது வளைவு ஏறி எறங்கோணும். எத்தனையோ நாளாச்சு முடிவு பண்ணி."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? எங்கப்பா செத்தப்ப நாப்பது ஊட்டுக்காரங்களும் பறிப்பை விட்டுப்போட்டு ரெண்டு நாள் இந்த முத்தத்துல நின்னாங்க. நான் இருக்கற வரைக்கும் உங்க இலையைத் திருப்ப மாட்டேன்னு அன்னிக்கு என்ற வாயால சொன்னேன். அவங்க மூஞ்சியைப் பாத்து வேண்டாம்னு சொல்ற தெம்பு எனக்கு இல்லீங்க. நாலு நாள் லீவுன்னு கேட்டா அவங்களே வேற ஃபேக்டரி பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

"பாத்துக்கலை. இந்துமதி மேல பாய்ஞ்சாங்க. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்."

அவர் கதவைப் பார்த்தார். இந்துமதி அங்கே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். அழவில்லை. "இலை வேண்டாம்னு சொல்லு இந்துன்னு சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன். நாப்பது பேர்கிட்டயும் திட்டு வாங்கியிருப்பேன். அது என்ற வேலைங்க. கேக்காமயே என்ற குரலை எடுத்துட்டீங்களே மொதலாளி."

"கண்ணு, இங்க பாரு. அந்தக் கையெழுத்தெல்லாம் வேண்டாம். அந்தக் காயிதத்தை நான் கிழிச்சுப் போட்டர்றேன். உன்ற வேலை உனக்கு." அவர் பரபரவென்று மஜீதா பக்கம் திரும்பினார். "மெஷின் கோளாறுன்னே சொல்லிரலாமுங்க அம்மிணி. புது மெஷினு, ஏதோ தப்பாப் போட்டுட்டாங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தா..."

மஜீதா அவரைப் பார்த்தாள். காலையில் பலி இந்துமதி. இப்போது மஜீதா. இரண்டு முறையும் ஒரே குரல், ஒரே கனிவு. முதல் ஆர்டரைக் கொடுத்த அன்றைக்கும் இதே குரலில்தான் பேசினார். அன்றைக்கு அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

"நடந்ததை மாத்தி எழுத மாட்டேங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்துவேன்."

சர்வர் அறைக்குப் போய் ஆறாவது விதியின் கடைசி வரியைத் திருத்தினாள். அரை நிமிட வேலை. இந்துமதி பின்னாலேயே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரியும் வந்தார். வேறெங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. மேஜைக் கடிகாரத்தில் நாலடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

போன் அடித்தது.

இந்துமதி ஹெட்செட்டைப் போட்டாள். "சிவகாமி டீ ஃபேக்டரிங்க" என்றவள் நிறுத்தினாள். திரையில் இருந்த எண் நாற்பதில் ஒன்று. ஒரத்தட்டி ஊர்க் கிழவர் போஜன், கால் சரியில்லாதவர். முற்றத்துக்கு வர முடியாதவர்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி வெள்ளியங்கிரியிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தானுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். உள்ளேயிருந்து கிழவரின் குரல் பூச்சி போலக் கேட்டது.

"இந்து? அப்பாடா, இன்னிக்காவது பேசினியே. நாளைக்குப் பறிக்கச் சொல்லட்டுமா? லாரி வருமா, வராதா? ஒரு வார்த்தை சொல்லிரு தாயி, நான் மனசைத் தேத்திக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். மூடினார்.

"சொல்லு தாயி. இருக்கியா?"

அவர் தலையைத் திருப்பாமலே ஹெட்செட்டை இந்துமதியின் பக்கம் நீட்டினார். பதினாலு வருடப் பழக்கம்.

நாற்காலி காலியாக இருந்தது. அவள் படியிறங்கி, மழையில் நனைந்தபடி முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். கூட்டம் வழி விட்டது. வேலாமணி தன் சால்வையை அவிழ்த்துக்கொண்டு எதிரே ஓடி வந்தாள்.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. போஜன் இன்னும் லைனில் இருந்தார்.